இருபத்தைந்து வயதுக்குப் பிறகும் கோதாவில்

ஊரடங்கின் முதல் மாதங்களில், அடையாறு வீட்டுச் சமையலறை மேடையில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, வெங்காயம் நறுக்கியபடியே பெண்கள் மல்யுத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன். டோக்கியோவில் இச்சிகயா என்ற பகுதியில் ஒரு சின்ன அறை. கயிறு கட்டிய மேடை இல்லை, தரையில் விரித்த மெத்தை மட்டும். எமி சகுரா என்ற மூத்த வீராங்கனை 2020 மார்ச்சில் தொடங்கிய 'சாக்கோ புரோ' அது. யூடியூபில் இலவசமாகக் கிடைத்தது. எங்களைப் போன்ற வெளிநாட்டு ரசிகர்களுக்கு ஆங்கிலத்தில் பேசியவர் பலியான் அக்கி என்ற இந்திய வீரர். ஒருத்தி ஜன்னல் விளிம்பில் ஏறிக் குதிப்பாள். மெத்தையில் உடல் மோதும் சத்தம் கேட்டு, கூடத்திலிருந்து அம்மா, "அங்க என்னடி விழுந்தது?" என்பாள்.

அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இதெல்லாம் பொய்ச் சண்டைதானே?"

எனக்குப் பதினோரு வயதில் இந்தப் பித்து தொடங்கியது. தி.நகர் வீட்டுக்குக் கேபிள் வந்த புதிது. அண்ணனிடம் மல்யுத்த வீரர்கள் படம் போட்ட சீட்டுக்கட்டு இருந்தது. உயரம், எடை, மார்பளவு சொல்லி விளையாடுவார்கள். அந்தக் கட்டில் ஒரு பெண்கூட இல்லை. ஒரு நாள் டிவியில் புல் நகானோ வந்தார். செங்குத்தாக நிற்கும் முடி, நீல உதட்டுச் சாயம், பெரிய உடம்பு. யாரிடமும் மன்னிப்புக் கேட்காத நடை. ஒரு பெண் அவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டு நின்று நான் அதுவரை பார்த்ததில்லை. 1994 நவம்பர் 20 அன்று டோக்கியோ டோம் அரங்கில் அவர் அமெரிக்க நிறுவனத்தின் பெண்கள் பட்டத்தை வென்றார் என்பது பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இவர் எங்கிருந்தோ வந்திருக்கிறார், அங்கே இவரைப் போல வேறு பெண்களும் இருக்க வேண்டும்.

இருந்தார்கள். அவர்களைத் தேடிப் போனபோது, நம் நாட்டில் மறக்கப்பட்ட ஒருவரையும் கண்டுகொண்டேன்.

1954

எங்கள் தாத்தா தலைமுறைக்கு மல்யுத்தம் என்றால் கிங்காங், தாராசிங் என்ற இரண்டு பெயர்கள்தாம். எமில் சாயா என்ற ஹங்கேரிய வம்சாவளிக்காரர்தான் கிங்காங். 1955 நவம்பரில் டோக்கியோவில் அவரைத் தோற்கடித்துத்தான் ரிக்கிடோசான் ஆசியப் பட்டத்தை வென்றார். ஜப்பானியத் தொழில்முறை மல்யுத்தத்தின் தந்தை என்று சொல்லப்படுபவர் ரிக்கிடோசான். நம் திண்ணைக் கதைகளில் வந்த பயில்வானும் அந்த வரலாறும் இப்படி ஒரே கோதாவில் சந்தித்துக்கொண்டிருக்கின்றன.

தாத்தா சொல்லாத பெயர் ஹமீதா பானு. மிர்சாபூரில் பிறந்து, அலிகரில் சலாம் பயில்வானிடம் குஸ்தி கற்றவர். என்னை வெல்லும் ஆணை மணந்துகொள்கிறேன் என்று 1954 இல் அறைகூவல் விட்டார். காளையை அடக்கியவனுக்குப் பெண் என்ற கதை நமக்குப் பழக்கம். இங்கே காளையும் பெண்ணும் ஒருத்தியே. பரோடாவில் பாபா பயில்வானை 1 நிமிடம் 34 நொடியில் சாய்த்தார். அதே ஆண்டு பம்பாயில், ரஷ்யாவின் பெண் கரடி என்று விளம்பரம் செய்யப்பட்ட வேரா சிஸ்டிலினை ஒரு நிமிடத்துக்குள் வென்றார். அவர் உயரம், எடை, குடித்த பால், தின்ற முட்டை எல்லாவற்றையும் பத்திரிகைகள் எண்ணி எழுதின. அண்ணனின் சீட்டுக்கட்டில் ஹமீதாவுக்கு இடமில்லாமல் போனாலும், அளப்பதில் மட்டும் யாரும் குறை வைக்கவில்லை.

எதிர்ப்பும் குறையவில்லை. புனேயில் ஓர் ஆணுடன் நடக்கவிருந்த போட்டி, உள்ளூர் மல்யுத்தக் கூட்டமைப்பு எதிர்த்ததால் ரத்தானது. கோலாப்பூரில் அவர் ஓர் ஆணை வென்றதும் கூட்டம் கல்லெறிந்தது. ஐரோப்பா போக விரும்பியபோது சலாம் பயில்வானே அவர் கை கால்களை உடைத்தார் என்று குடும்பத்தினர் பிற்காலத்தில் பிபிசியிடம் சொன்னார்கள். கடைசிக் காலத்தில் கல்யாணில் பால் விற்றும் பலகாரம் விற்றும் பிழைத்து, 1986 இல் இறந்தார்.

அதே 1954 நவம்பரில் மில்ட்ரட் பர்க் என்ற அமெரிக்க வீராங்கனை தன் குழுவுடன் ஜப்பானுக்குப் போனார். அதற்கு முன்பே, போருக்குப் பின் அமெரிக்கப் படையினருக்கான கேளிக்கை மேடைகளில் சில ஜப்பானியப் பெண்கள் மல்யுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். பர்க்கின் வருகைக்குப் பிறகு பெண்கள் சங்கங்கள் முளைத்தன. விரைவிலேயே அந்த அலை வடிந்து, ஆட்டம் மறுபடி ஆண்களின் கேளிக்கை விடுதிகளுக்குள் போய்விட்டது.

இரண்டு நாடுகளும் ஒரே ஆண்டில் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நின்றிருந்தன. ஆனால் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு ஜப்பானில் ஒரு பெரும் இயக்கம் இருந்தது, நம்மிடம் ஒன்றுமில்லை. ஏன்?

இருக்கைகளில் யார்?

ஹமீதா பானுவின் வீரம் குறைவானதல்ல. அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்த கூட்டம் ஆண்களுடையது. அவர்களுக்கு அவர் ஓர் அதிசயம், அல்லது ஓர் அவமானம். அவரைப் பார்த்து நானும் இப்படி ஆகலாம் என்று நினைக்கக்கூடிய சிறுமிகள் அந்த இருக்கைகளில் இல்லை.

ஜப்பானில் 1968 இல் மட்சுனாகா சகோதரர்கள் அகில ஜப்பான் பெண்கள் மல்யுத்தம் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். முதலில் அங்கும் ஆண்கள்தாம் கூடினார்கள். எழுபதுகளின் நடுவில் ஜாக்கி சாட்டோவும் மாக்கி உவெடாவும் 'பியூட்டி பேர்' என்ற ஜோடியாக வந்தபோது அது மாறியது. அவர்கள் கோதாவில் சண்டையும் போட்டார்கள், பாட்டும் பாடினார்கள். பாட்டு விற்றுத் தள்ளியது, அரங்குகளில் பள்ளிச் சிறுமிகள் நிரம்பினார்கள். எண்பதுகளில் அந்த இடத்துக்குச் சிகுசா நகாயோவும் லயனஸ் அசுகாவும் வந்தார்கள். 'க்ரஷ் கேல்ஸ்' என்ற அந்த ஜோடிக்காக, பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெண்கள் தொண்டை வறளக் கத்தினார்கள். அவர்களில் பலர் வளர்ந்து அதே நிறுவனத்தின் தேர்வுக்கு வரிசையில் நின்றார்கள். இருக்கையிலிருந்து கோதாவுக்கு ஒரு வழி உருவானது.

அதே வயதில் எங்கள் வகுப்புப் பெண்கள் சேப்பாக்கத்தில் கிரிக்கெட் பார்க்க வேண்டுமென்றால் அப்பாவோ அண்ணனோ உடன் வர வேண்டும். கத்தினால், "பொம்பளப் பிள்ளை மாதிரி இரு." ரஜினியின் 'முத்து' 1998 இல் ஜப்பானில் ஓடியதையும், அங்கிருந்து பெண் ரசிகைகள் சென்னைக்கு வந்து போவதையும் நாம் பெருமையோடு பேசுகிறோம். ஜப்பானியப் பெண் ரஜினியைக் கொண்டாடினால் செய்தி. மயிலாப்பூர்ப் பெண் சிகுசா நகாயோவைக் கொண்டாடினால் சிரிப்பு.

முடி

1985 ஆகஸ்ட் 28, ஒசாகா. சிகுசா நகாயோவுக்கும் வில்லி டம்ப் மட்சுமோட்டோவுக்கும் போட்டி. தோற்பவருக்கு அங்கேயே தலை மழிக்கப்படும். நகாயோ தோற்றார். ரத்தம் வழியும் முகத்தோடு நாற்காலியில் உட்காரவைத்து முடியை வெட்டினார்கள். அந்தக் காணொளியில் என்னை உலுக்கியது மழித்தல் அல்ல, அரங்கிலிருந்து வந்த சத்தம். ஆயிரக்கணக்கான சிறுமிகள் சொந்த அக்காவுக்கு நடப்பதைப் போல அழுதார்கள்.

முதலில் பார்த்தபோது அதை என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை. எங்கள் மயிலாப்பூர் வீட்டில் கொள்ளுப்பாட்டியின் புகைப்படம் ஒன்று உண்டு. மழித்த தலையை முக்காடு மூடியிருக்கும். எங்கள் சாதியில் விதவைக்கு விதித்த தண்டனை அது. மேடை இல்லை, எதிராளி இல்லை, அழக் கூட்டமும் இல்லை. கொல்லைப்புறத்தில் நாவிதர் முன் உட்காரவைக்கப்பட்ட சிறுமிக்காக யாரும் கத்தவில்லை. 1886 இல் மயிலாப்பூரில் பிறந்து, தானும் குழந்தை விதவையான சகோதரி சுப்புலட்சுமி, 1912 இல் அத்தகைய சிறுமிகளைத் திரட்டிப் படிக்கவைக்கத் தொடங்கினார். அதற்கு முன்னும் பின்னும் எண்ணற்ற தலைகள் சத்தமில்லாமல் மழிக்கப்பட்டன.

"பொய்ச் சண்டைதானே" என்பதற்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. முடிவு முன்பே தீர்மானிக்கப்பட்டதுதான். ஆனால் பாரதக் கூத்தில் திரௌபதி விரித்த கூந்தலோடு சபதம் செய்யும்போது, துரியோதனன் வேடம் கட்டியவர் யாரென்று ஊருக்கே தெரியும். தெரிந்தும் அழுகிறார்கள். தனியாக ஒருத்திக்கு நடந்த அவமானத்தை ஊரே சேர்ந்து பார்க்க ஒரு மேடை தேவைப்படுகிறது. நகாயோவின் முடி மறுபடி வளர்ந்தது, அவரும் திரும்பி வந்து வென்றார். கொள்ளுப்பாட்டிக்குத் திரும்ப வரும் ஆட்டமே இல்லை.

ஆனால் அந்தக் கூட்டத்தையும் நான் புனிதமாக்க விரும்பவில்லை. டம்ப் மட்சுமோட்டோவை அதே சிறுமிகள் நிஜமாகவே வெறுத்தார்கள், வெறுப்பு அவர் வீடு வரைக்கும் போனது. இன்று அது கைப்பேசிக்குள் வந்துவிட்டது. ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் பிறகு குவிந்த வசைகளால் நொந்து, 22 வயது வீராங்கனை ஹனா கிமுரா 2020 மே 23 அன்று தன் உயிரை மாய்த்துக்கொண்டார். முன்னாள் வீராங்கனையான அவருடைய அம்மா கியோகோ ஓயாமல் போராடினார். 2022 இல் ஜப்பான் அவமதிப்புக் குற்றத்துக்கான தண்டனையைக் கடுமையாக்கியது. இருக்கையில் உட்காருபவளுக்கும் பொறுப்பு உண்டு.

இருபத்தைந்து

சிறுமிகள் தந்த டிக்கெட் பணம் யார் கைக்குப் போனது? மட்சுனாகா சகோதரர்களின் கைக்கு. வீராங்கனைகளுக்கு மூன்று தடைகள்: மது, புகை, ஆண்கள். நான்காவது, எழுதாத விதி: இருபத்தைந்து வயதில் ஓய்வு. அதற்குமேல் கல்யாணம், குடும்பம். 1979 பிப்ரவரியில் சாட்டோவையும் உவெடாவையும் எதிரெதிரே நிறுத்தி, தோற்பவர் விலக வேண்டும் என்றார்கள். உவெடா தோற்று விலகியபோது அவருக்கு இருபது வயது நிரம்பவில்லை. நகாயோ 1989 இல், இருபத்து நான்கு வயதில், கண்ணீரோடு விடைபெற்றார்.

இதைப் படித்ததும் எனக்கு அத்தை நினைவுதான் வந்தது. அத்தை ஆறு வயதில் பரதம் கற்கத் தொடங்கி, பதினைந்தில் அரங்கேற்றம் செய்து, சபாக்களில் ஆடியவர். எந்தப் பெண்களின் குலத்தொழிலாக அந்த ஆட்டம் இருந்ததோ அவர்களிடமிருந்து அது எங்கள் வீடுகளுக்கு எப்படி வந்தது என்பது தனியாக எழுத வேண்டிய கதை. அத்தைக்கு இருபத்து நான்கில் கல்யாணம். சலங்கை பரணுக்குப் போனது. தடை என்று யாரும் சொல்லவில்லை. "போதுமே, ஆடினவரைக்கும்" என்றார்கள். தோற்காமலே விலகவேண்டிய ஆட்டம் அது.

ஜப்பானில் அந்த விதி தொண்ணூறுகளில் உடைந்தது. பெண்கள் திரும்பி வந்தார்கள். 1995 இல் நகாயோ 'கயா ஜப்பான்' என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் முதல் நிகழ்ச்சியில் அறிமுகமான பதினைந்து வயது மெய்கோ சட்டோமுரா, பின்னாளில் செண்டாய் நகரில் தனக்கென ஒரு குழுவை அமைத்துத் தலைமையேற்று நடத்தினார்.

நம் நாட்டில் கணக்கு இன்னும் தீரவில்லை. 2023 இல் கூட்டமைப்பின் அப்போதைய தலைவர் மீது பாலியல் துன்புறுத்தல் புகார் சொல்லி, மல்யுத்த வீராங்கனைகள் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். மே 28 அன்று போலீஸ் அவர்களை இழுத்துச் சென்றது. அவர்களில் ஒருவரான வினேஷ் போகட், 2024 ஆகஸ்ட் 6 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில், அதுவரை சர்வதேசப் போட்டிகளில் தோல்வியே காணாத ஜப்பானின் யுயி சுசாகியை வீழ்த்தினார். மறுநாள் காலை 100 கிராம் எடை கூடுதல் என்று தகுதி நீக்கப்பட்டார். நான் சுசாகியின் ரசிகையும்கூட. அன்று இரண்டு பேருக்காகவும் அழுதேன்.

2025 ஏப்ரல் 29 அன்று மெய்கோ சட்டோமுரா டோக்கியோவின் கொராகுயென் ஹாலில் கடைசியாக ஆடி ஓய்வு பெற்றார். அடுத்த வாரம் மயிலாப்பூர் போனபோது அத்தையிடம் அந்தக் காணொளியைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கடைசிவரை பார்த்தார்.

"இவளுக்கு என்ன வயசு?"

"நாற்பத்தைஞ்சு, அத்தை. முப்பது வருஷம் ஆடியிருக்கா."

"போதும்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. அவளேதான்."

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கம்பெனி யாரோடது?" என்று கேட்டார்.

"அவ நடத்தினதுதான்."

"அப்போ சரி," என்றார். "முதல்லேருந்து போடு, அந்தக் காலைப் பிடிக்கிற இடம் சரியாப் பாக்கல."