தோலும் முச்சுருளும்

நான் தமிழ் படித்தவன். இயற்பியல் எனக்குத் தூரம். ஆனாலும் சென்னைப் பல்கலைக்கழக உயிர்இயற்பியல் குழுவின் வரலாற்றுக்குள் நுழைய ஒரு சொல் போதுமானதாக இருந்தது: தோல்.

ஜி.என். ராமச்சந்திரன் 1952இல் இங்கே இயற்பியல் பேராசிரியராக வந்தார். வயது முப்பதை ஒட்டி. சென்னைக்கு வந்திருந்த விஞ்ஞானி ஜே.டி. பெர்னால், கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்று சொல்ல, ராமச்சந்திரன் அதையே கையில் எடுத்தார். கொலாஜனுக்கு எங்கே போவது? கூப்பிடு தூரத்தில், 1948இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கிருந்து கங்காரு வால் தசைநாண் கிடைத்தது. அதில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, விழுந்த படத்தை வைத்து அவரும் கோபிநாத் கர்த்தாவும் கணக்குப் போட்டார்கள். மூன்று இழைகள் சேர்ந்த அமைப்பு. ஒவ்வொரு இழையிலும் மூன்றுக்கு ஒன்று கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலம். 1954இல் 'நேச்சர்' இதழில் முதல் வடிவம் வந்தது. 1955இல் அதைத் திருத்தி, இழைகள் கயிறுபோல ஒன்றையொன்று சுற்றிக்கொள்வதாகக் காட்டினார்கள்.

கிரிக்கும் ரிச்சும் மறுத்தார்கள். அணுக்கள் இவ்வளவு நெருங்கி நிற்க முடியாது என்றார்கள். இங்கிருந்தவர்கள் ஓய்ந்துவிடவில்லை. அணுவுக்கும் அணுவுக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதையே ஆராய்ந்தார்கள். ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து ராமச்சந்திரன் 1963இல் வெளியிட்ட வரைபடம் அதில் விளைந்தது. ஒரு புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம், எதில் திரும்ப முடியாது என்று சொல்லும் படம் அது. கண்டறிந்த புரத வடிவம் சரியா என்று பார்க்க இன்றும் உலகம் அதைத்தான் எடுக்கிறது. வெள்ளைக்காரன் சொல்லிவிட்டான் என்று தலையாட்டாத குழு. மரியாதைக்குரிய வேலை.

இனி என் கேள்விக்கு வருகிறேன். கொலாஜன் என்பது என்ன? நீரைக் கழித்தால் தோலின் பெரும்பகுதி அதுதான். தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறப்போட்டு, மயிரைக் கழித்து, சதையை வழித்து, ஆவாரம்பட்டைச் சாற்றிலும் கடுக்காய்ச் சாற்றிலும் நாள்கணக்கில் போட்டெடுத்தால் அது அழுகாது. ஏன்? பட்டையின் துவர்ப்பு கொலாஜன் இழைகளுக்குள் புகுந்து அவற்றைப் பிணைத்துக்கொள்கிறது என்கிறது வேதியியல். அந்த விளக்கம் யாரும் சொல்லாமலே, எந்தத் தோலுக்கு எத்தனை நாள், சாறு எவ்வளவு கடுப்பு என்று தொட்டுப் பார்த்துச் சொன்னவங்க நம்ம சனங்க. பறையைத் தீயில் காட்டி, ஈரத்தை ஓட்டி, சுதி ஏற்றியவனுக்கும் கொலாஜனோடுதான் பழக்கம்.

ஆய்வுக்கூடத்தில் தொட்டவர்களுக்குப் புகழ். குழிக்குள் இறங்கித் தொட்டவனுக்குத் தீட்டு. தொட்ட பொருள் ஒன்றுதானே?

முச்சுருளைக் கண்டது நாங்கதான் என்று உரிமை கொண்டாட வரவில்லை. அது அவர்கள் உழைப்பு. நான் கேட்பது வேறு. தோல் அறிவும் அறிவுதான் என்று எழுதுங்கள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் திண்டுக்கல்லிலும் சுண்ணாம்பில் கைகால் வெந்த தலைமுறையை இந்த வரலாற்றின் முதல் பக்கத்தில் வையுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களுடைய அளவுகளையும் சொற்களையும் கேட்டுப் பதிவு செய்யுங்கள். நம்ம வீட்டுப் பிள்ளை நாளைக்கு உயிர்இயற்பியல் வகுப்பில் உட்காரும்போது, கொலாஜன் தன் பாட்டனுக்குத் தெரிந்த சரக்கு என்று அறிந்து உட்காரட்டும்.