கஸ்டமருக்குப் பிடிக்காது சார்!

வேலைக்கு ஆள் எடுக்கும்போது "எனக்கொண்ணும் இல்லை சார், கஸ்டமருக்குப் பிடிக்காது" என்பார்கள். கேட்டிருப்பீர்கள். நிறம், ஜாதி, மதம், மொழி எதற்கும் இதே பாட்டுதான். திருவனந்தபுரத்துக்கு இந்தச் சாக்கு புதிதல்ல.

1891ல் 10,028 பேர் கையெழுத்துப் போட்டு திருவிதாங்கூர் மகாராஜாவிடம் ஒரு மனு கொடுத்தார்கள். மலையாளி மெமோரியல் என்று பெயர். அரசாங்க உத்தியோகத்தை எல்லாம் வெளியூர்க்காரர்கள், முக்கியமாகத் தமிழ் பிராமணர்கள், பிடித்துக் கொண்டார்கள் என்று புகார். ஆமாம், நம்ம ஊர்க்காரர்களைத்தான்!

மூன்றாவது கையெழுத்து டாக்டர் பல்பு. இங்கே பேட்டையில் பிறந்தவர், ஈழவர். சென்னையில் மருத்துவம் படித்து வந்தும் ஜாதியால் இங்கே வேலை கிடைக்கவில்லை. மைசூர் சமஸ்தானம் கொடுத்தது. 1898ல் பெங்களூரில் பிளேக் பரவியபோது அங்கே பாடுபட்டார். பிளேக் வந்து படுத்தவன் டாக்டர் என்ன ஜாதி என்றா கேட்டிருப்பான்?

இன்னொரு கூத்து ரெவின்யூ இலாகா. கோயில் நிர்வாகமும் அதன் கையிலேயே இருந்தது. கோயிலுக்குள் போக முடியாத ஈழவர், கிறிஸ்தவர், முஸ்லிம் அங்கே எப்படி வேலை பார்ப்பார்கள் என்று கதவைச் சாத்திவிட்டார்கள். கேட்க நியாயம் மாதிரி இருக்கிறது, இல்லையா? 1922ல் தேவஸ்வத்தைத் தனி இலாகாவாகப் பிரித்தார்கள். அந்தக் காரணம் அதோடு போயிற்று. ஆனாலும் உத்தியோகத்தில் பங்கு கேட்டு 1930களில் நிவர்த்தனப் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் 1971ல் பான் ஆம் வழக்கு. பயணிகளுக்குப் பணிப்பெண்களைத்தான் பிடிக்கிறது என்று ஓர் ஆணுக்கு வேலை மறுத்தார்கள். வாடிக்கையாளர் விருப்பம் பாகுபாட்டுக்குக் காரணம் ஆகாது என்றது கோர்ட். நம் அரசியல் சட்டத்தின் 16வது பிரிவோ அரசாங்க வேலையைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது.

அப்படியானால் கஸ்டமரைப் பார்க்கவே கூடாதா? பார்க்கலாம். சாலை பஜாரில் தமிழ் வியாபாரிகள் நிறைய. அங்குள்ள பேங்க் கிளைக்குத் தமிழ் தெரிந்த ஆள் வேண்டும் என்பது சரி. 'தமிழன்தான் வேண்டும்' என்பது தப்பு. தமிழை ஒரு மலையாளி கற்றுக்கொள்ளலாம், பிறப்பை யாரும் கற்றுக்கொள்ள முடியாது. கவுன்டரில் பல வருஷம் உட்கார்ந்தவன் சொல்கிறேன், கஸ்டமர் முதல் நாள் முகத்தைப் பார்ப்பார், அப்புறம் வரிசை நகர்கிறதா என்றுதான் பார்ப்பார்.

பிழைக்க வந்த இடத்தில் இருக்கும் நாம் இந்தச் சாக்குக்குத் தலையாட்டவே கூடாது. "கஸ்டமருக்குத் தமிழனைப் பிடிக்காது" என்று நாளைக்கு ஒருவர் சொன்னால் நம் பிள்ளைகள் எங்கே போவார்கள்?