வில்பத்து வனமும் கரையோரப் பாதையும்

ஈழத்தின் வடமேல் கரையிலே, புத்தளத்துக்கு வடக்கே, கலா ஓயாவுக்கும் மோதரகம் ஆற்றுக்கும் இடையே பரந்து கிடப்பது வில்பத்து வனம். 'வில்லு' எனப்படும் இயற்கை நீர்நிலைகள் மலிந்தது இது. பாலை, முதிரை, வீரை, கருங்காலி முதலாய மரங்கள் இங்கே மெல்ல வளர்ந்து வைரங் கொள்வன. பாலை பழுக்குங் காலத்திற் கரடிகள் அதனை நாடி மரமேறும்.

இவ்வனம் மனிதர் அடிபடாத நிலம் எனக் கருதுதல் பொருந்தாது. பொம்பரிப்பில் அகழ்ந்தெடுக்கப்பட்ட ஈமத்தாழிகள் ஆதிச்சநல்லூர்த் தாழிகளை ஒத்தன என்பர் ஆராய்ச்சியாளர். 1344இல் புத்தளத்திற் கரையிறங்கிய இபுனு பதூதா, வெள்ளம் அடித்து வந்த கறுவா மரங்கள் கரையெங்கும் குவிந்து கிடந்தமையைக் குறித்துள்ளார். மக்கள் வாழ்ந்தனர், நீங்கினர், அவர் விட்ட நிலத்தைக் காடு மீண்டும் மூடிற்று. புத்தளத்தையும் மன்னாரையும் இணைத்த பழைய பாதையும் காட்டுக்கு அடங்கியே கிடந்தது. மாரியில் ஆறுகள் பெருகின் வழி அடைபடும்.

1938இல் வில்பத்து தேசிய வனமாயிற்று. பின்னர் அதன் எல்லை கடற்கரை நோக்கி விரிந்தது. 1990 ஒற்றோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்தினின்று வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெருந்தொகையினர் புத்தளத்திலே தஞ்சம் புகுந்தனர். 2009இற் போர் முடிந்ததும் அவர்க்குச் சொந்த ஊர் செல்லும் குறுக்குவழி இப்பாதையே. 2010இல் அது சீராக்கப்பட்டுத் திறக்கப்பட்டது. சுற்றாடல் அமைப்புகள் உயர் நீதிமன்றத்தை நாடின.

பாதையால் அழிவது அது செல்லும் நிலத்தில் நின்ற மரங்கள் மாத்திரமன்று. வெட்டவெளியாகிய ஓரங்களில் நிலம் உலர்ந்து தீப்பற்றும். விலங்குகள் வண்டிகளில் அடிபடும். மரந் திருடுவோர்க்கும் வேட்டையாடுவோர்க்கும் வழி எளிதாகும். பாதை ஒருபுறமிருக்க, வனத்தின் வடபால் கல்லாற்றிலே மீள்குடியேற்றத்தின் பொருட்டுக் காடு வெட்டப்பட்டது. அது சட்டத்துக்கு மாறானது எனத் தீர்த்த மேன்முறையீட்டு நீதிமன்றம், அங்கு மீண்டும் மரம் நடுமாறு 2020இல் ஆணையிட்டது.

ஊரிழந்தோர் ஊர் திரும்புதல் அவர்தம் உரிமை. அதனை மறுத்துக் காடு காத்தல் அறமாகாது. ஆயின், அவ்வுரிமைக்குரிய விலையைக் காட்டினிடம் வாங்குதலும் முறையன்று. அநுராதபுரம், மதவாச்சி வழியாக வனத்துக்குப் புறம்பே செல்லும் தெருக்களைச் செப்பமிட்டு, அவ்வழியே போதிய பேருந்து விடுதல் அரசின் கடன். அகதியையும் காட்டையும் எதிரெதிர் நிறுத்தி வழக்காட விடுதல், அக்கடனை மறத்தலேயாம். வெட்டிய பாலை மீண்டும் வைரங்கொள்ள ஒரு தலைமுறை போதாது.