இன்றைக்கு ஒரே மாதிரி, அன்றைக்கு வேறு மாதிரி

கணினி இல்லாத காலத்திலேயே ஒருவர் கேலக்ஸிகளை மோதவிட்டுப் பார்த்தார். 1941-ல் சுவீடனைச் சேர்ந்த எரிக் ஹோம்பர்க். கேலக்ஸிக்கு 37 என்று மொத்தம் 74 பல்புகளை அடுக்கினார். ஈர்ப்பு விசையும் வெளிச்சமும் ஒரே கணக்கில்தான் குறையும். தூரம் இரண்டு மடங்கானால் நாலில் ஒரு பங்கு. ஆகவே ஒரு பல்பு இருக்கும் இடத்தில் விழும் வெளிச்சத்தை அளந்தால் அங்கே எவ்வளவு இழுவை என்று தெரிந்துவிடும். அளக்கணும், நகர்த்தணும், மறுபடி அளக்கணும். இன்றைய சிமுலேஷன்கள் செய்வதும் அடிப்படையில் இதேதான்.

சரி, இதில் இருண்ட ஆற்றலை எங்கே வைப்பது? அதற்குத் தனியாகப் பல்பு கிடையாது. அண்டவியல் மாறிலி என்ற எளிய வடிவில் அது எங்கும் ஒரே சீராக இருக்கிறது. அதனால் எந்தத் துகளையும் ஒரு பக்கமாக இழுக்காது. சிமுலேஷனுக்குள் அது வருவது ஒரே இடத்தில்: துகள்கள் இருக்கும் பெட்டி எவ்வளவு வேகமாக விரிகிறது என்ற சமன்பாட்டில். விரிவு வேகமெடுத்தால் துகள்கள் ஒன்றுசேர்வது தடைபடும், கட்டமைப்பின் வளர்ச்சி மந்தமாகும்.

1985-ல் டேவிஸ், எஃப்ஸ்டாதியூ, ஃப்ரெங்க், வைட் நால்வரும் 32,768 துகள்களை ஓடவிட்டார்கள். 1990-ல் எஃப்ஸ்டாதியூ, சதர்லண்ட், மேடாக்ஸ் மூவரும் கேலக்ஸிகளின் பரவலை வைத்து, பிரபஞ்சத்தின் ஆற்றலில் 80 சதவீதம் வரை இந்த மாறிலியாக இருக்கலாம் என்று எழுதினார்கள். சூப்பர்நோவா முடிவுகள் வருவதற்கு எட்டு வருஷம் முன்னாடி!

எனக்குப் பிடித்தது 1998-ல் விர்கோ குழு வெளியிட்ட படம். நாலு பிரபஞ்சங்கள், ஒவ்வொன்றிலும் சுமார் 1.7 கோடி துகள்கள். இரண்டில் பொருள் நிறைய. மற்ற இரண்டில் பொருள் குறைவு. அதில் ஒன்றில் மட்டும் அண்டவியல் மாறிலி. இன்றைய கேலக்ஸிக் கொத்துகளின் எண்ணிக்கை நாலிலும் ஒத்துவரும்படி அமைத்திருந்தார்கள். அதனால் 'இன்று' என்ற படத்தைப் பார்த்தால் நாலும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும்.

வித்தியாசம் பழைய படங்களில்தான். பிரபஞ்சம் இன்றைய அளவில் நாலில் ஒரு பங்காக இருந்தபோது, பொருள் நிறைந்த இரண்டிலும் கட்டமைப்பு இன்னும் சரியாக எழவில்லை. மாறிலி உள்ளதில் இழைகளும் முடிச்சுகளும் அப்போதே தெரிகின்றன. காரணம் நேரடியானது. பின்னால் வளர்ச்சி மந்தமாகப் போகிறது என்றால், இன்றைய நிலையை எட்ட முன்கூட்டியே வளர்ந்திருக்க வேண்டும்.

ஆனால் மாறிலி இல்லாமல் பொருள் மட்டும் குறைந்த பிரபஞ்சமும் இப்படித்தான் காட்டியது. இரண்டையும் பிரித்துக் கொடுத்தது அதே வருஷம் வந்த சூப்பர்நோவா அளவீடுகள். அடுத்து நுண்ணலைப் பின்னணி.

இருண்ட ஆற்றல் காலப்போக்கில் மாறுகிறதோ என்ற சந்தேகத்தை 2024-லிருந்து டெசி முடிவுகள் கிளப்பியிருக்கின்றன. அப்படி மாறினாலும் சிமுலேஷனில் முதலில் திருத்த வேண்டியது அந்த விரிவுச் சமன்பாட்டைத்தான். சரிபார்க்க மட்டும் பக்கத்து வானம் போதாது, தூரத்தில், அதாவது பழைய காலத்தில், போய்ப் பார்க்கணும்.