சின்னாளப்பட்டிச் சுங்குடி

துணியைப் புள்ளி புள்ளியாகக் கிள்ளி, நூலால் இறுகக் கட்டி, சாயத்தில் நனைத்து, கட்டு அவிழும் இடத்தில் வெள்ளைப் புள்ளி நிற்கச் செய்யும் கைத்தொழிலுக்குச் சுங்குடி என்று பெயர். அப்படி உருவாகும் பருத்திச் சேலைக்கும் அதே பெயர்தான். தொழிலின் தலைநகரம் மதுரை. திண்டுக்கல் சமவெளியில் அதற்கு வாய்த்த இடம் சின்னாளப்பட்டி. திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் வழியில், சிறுமலையைப் பார்த்தபடி, காந்திகிராமத்தை ஒட்டி அமைந்த பேரூராட்சி அது.

இத்தொழிலைத் தமிழகத்தில் வளர்த்தவர்கள் சௌராட்டிரர். பட்டுநூல்காரர் என்றும் அழைக்கப்பட்ட இந்நெசவாளர்கள் மேற்கு இந்தியாவிலிருந்து தெற்கே பெயர்ந்து, விசயநகர ஆட்சிப் பகுதிகளைக் கடந்து, நாயக்கர் காலத்தில் மதுரையில் நிலைத்தவர்கள். திருமலை நாயக்கர் அரண்மனையைச் சுற்றியுள்ள தெருக்களில் இன்றும் அவர்கள் செறிந்து வாழ்கிறார்கள். திண்டுக்கல்லிலும் கணிசமாக உள்ளனர். குஜராத், ராஜஸ்தான் பகுதிகளின் பந்தேஜ் துணி சுங்குடிக்கு நெருங்கிய உறவு. ஏழாம் நூற்றாண்டில் பாணபட்டர் எழுதிய ஹர்ஷசரிதம், ஹர்ஷ மன்னரின் தங்கை ராஜ்யஸ்ரீயின் திருமணத்துக்காகத் துணிகளைக் கட்டிச் சாயமிட்டதைக் குறிப்பிடுகிறது. ஆனால் பந்தேஜ் பட்டிலும் மெல்லிய துணிகளிலும் பூவும் யானையும் ஆடும் பெண்களுமாக விரிய, சுங்குடி பருத்தியிலேயே நின்று புள்ளிக் கோலத்தோடு நிறைவு கண்டது. இது குறையல்ல. அனல் வீசும் இந்தச் சமவெளியில் நாள் முழுக்க உடுத்த வேண்டிய சேலை அப்படித்தான் இருக்க முடியும்.

வேலை தொடங்குவது நெய்த துணியில் உள்ள கஞ்சியையும் பிசுக்கையும் நீக்கி வெளுப்பதில். பிறகு துணியை மடித்து, துவைத்தால் போய்விடும் நிறத்தால் புள்ளிகளைக் குறிக்கிறார்கள். ஒவ்வொரு புள்ளியிலும் துணியின் ஒரு துளியை விரல் நுனியால் தூக்கிப் பிடித்து, நூலைச் சில சுற்று இறுகச் சுற்றி, அறுக்காமலே அடுத்த புள்ளிக்கு நகர்வார்கள். பெரும்பாலும் வீட்டிலிருந்தே பெண்கள் செய்துவந்த வேலை இது. ஒரு சேலையில் ஆயிரக்கணக்கில் முடிச்சு விழும்; நெருக்கமான வேலைப்பாடானால் பத்தாயிரத்தையும் தாண்டும். நாள்கணக்கில் கழுத்தும் கண்ணும் நோகும் இந்த உழைப்புதான் சுங்குடியின் உயிர்.

நூல் இறுகிய இடத்தில் இழைகள் நெருக்குண்டு சாயத்தை உள்ளே விடுவதில்லை. ஆனால் கட்டுக்கு மேலே நீட்டி நிற்கும் துணி நுனியில் சாயம் ஏறும். அதனால்தான் அசல் சுங்குடிப் புள்ளி வெறும் வெள்ளையாக இராமல், நடுவில் ஒரு நிறப்பொட்டு கொண்ட வளையமாகத் தெரிகிறது. சாயமேறிய துணி காய்ந்ததும் இருபுறமும் பிடித்து இழுத்தால் முடிச்சுகள் பட்பட்டென்று தெறித்து அவிழும். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கும் முந்திக்கும் வேறு நிறம் வேண்டுமானால், ஒரு பகுதியை மடித்து இறுகக் கட்டி மூடிவிட்டு மற்றதை மட்டும் நனைக்கிறார்கள்.

பழைய சிவப்புச் சாயம் சாயவேரிலிருந்து வந்தது. அவுரி நீலத்தைத் தந்தது, கடுக்காய் சாயத்தைத் துணியில் பிடிக்க வைத்தது. வைகைத் தண்ணீரில்தான் சிவப்பு துலங்கும் என்பது மதுரைச் சாயக்காரர்களின் உறுதியான நம்பிக்கை. வேரிலிருந்து வந்த சிவப்புக்கு மாற்றான அலிசரின் 1868இல் ஜெர்மனியில் செயற்கையாக உருவாக்கப்பட்டது. அது பரவியதும் வேர்ச்சாயம் பின்வாங்கியது. பின்னாளில் நாப்தால் முதலிய அசோ வகைச் சாயங்கள் வந்தன. அசோ சாயங்களில் சிலவற்றுக்கு ஜெர்மனி 1994இலும் இந்தியா 1997இலும் தடை விதித்தன. வேதிச்சாயம் பெருகிய ஊர்களில் கழிவுநீரை எங்கே விடுவது என்பது தொழிலோடு சேர்ந்தே வளர்ந்த கேள்வி.

சின்னாளப்பட்டி முதலில் பேர் பெற்றது செயற்கைப் பட்டுச் சேலைக்காக. காஞ்சிப் பட்டு எட்டாத வீடுகளின் விசேஷங்களுக்கு மினுமினுப்பைக் கொடுத்தது அது. சௌராட்டிரரோடு தேவாங்கரும் நெசவில் ஊன்றிய ஊராகையால் தறியும் சாயமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. சுங்குடி அங்கே எளிதாக வேரூன்றியது. இன்று சின்னாளப்பட்டிச் சுங்குடி என்று கடைகளில் விற்பதில் பெரும்பகுதி முடிச்சிட்டதல்ல. மெழுகை அச்சால் ஒற்றிச் சாயமிட்டவை, நேரடியாக அச்சடித்தவை, மடித்துக் கட்டி நிறம் பிரித்தவை என்று பல வகை உண்டு. இவற்றில் மடித்துக் கட்டியவற்றுக்கு மட்டுமே கட்டுச்சாயம் என்று சொல்லிக்கொள்ள உரிமை இருக்கிறது. அச்சுப் புள்ளிச் சேலையும் குளிர்ச்சியானது, விலை மலிவு, ஏராளமான பெண்களுக்கு அன்றாட உடை. அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பெயர் ஒன்றாக இருப்பதால், நாள்கணக்கில் முடிச்சிட்டவரின் கூலி அச்சின் விலையோடு போட்டியிட வேண்டியிருக்கிறது. தொழில் சுருங்கியதற்கு முதல் காரணம் இதுவே.

பெயரைக் காக்கும் புவிசார் குறியீடு மதுரைச் சுங்குடிக்கு 2005இல் கிடைத்தது.

முடிச்சிட்டதற்கும் மற்றவற்றுக்கும் உள்ள வேறுபாட்டை வாங்குபவர் கண்டுகொள்ள வழி உண்டு. முடிச்சிட்ட புள்ளி மேலெழும்பிச் சிறு சுருக்கத்தோடு இருக்கும். விரலால் தடவினால் தெரியும். ஒன்றைப் போல் மற்றொன்று இராது. மெழுகுப் புள்ளி இருபுறமும் தெரிந்தாலும் தட்டையானது, அருகே மெழுகு வெடித்த கீற்று ஓடியிருக்கும். அச்சுப் புள்ளிகள் ஒரே அளவில் வரிசை பிசகாமல் நிற்கும், பின்புறம் மங்கும். துவைத்துத் தேய்த்த பிறகு சுருக்கம் மறைந்துவிடுவதால் புதுச் சேலையில் பார்ப்பதே நல்லது. பந்தேஜ் துணியை முடிச்சு அவிழ்க்காமலே விற்று, வாங்குபவர் கண்ணெதிரே இழுத்து விரித்துக் காட்டும் வழக்கம் குஜராத்தில் உண்டு. சின்னாளப்பட்டிக் கடைகளும் முடிச்சிட்ட சேலைகளுக்கு அதைக் கைக்கொள்ளலாம்.