தேய்ந்த காசுகளும் தேயாத சரித்திரமும்

ஒன்றுக்கும் உதவாதவனைச் 'செல்லாக்காசு' என்று இகழ்வது எம்மவர் வழக்கம். அக்காசைக் கடையிற் கொடுத்தால் வாங்கார். ஆலய உண்டியலில் இட்டாலும் எண்ணுவோர் புறத்தே ஒதுக்கிவிடுவர். ஆயினும் சரித்திரம் பயில்வோருக்கு அது பெருஞ்செல்வம். மெருகு குன்றாத நாணயம் யாரோ ஒருவருடைய பெட்டகத்திற் பூட்டிக் கிடந்தது. முகமிழந்து வழுவழுத்த காசோ சந்தையிலும் துறையிலும் கோவில் வாயிலிலும் எண்ணிறந்த கைகளிற் புழங்கியது. மன்னர் அடித்து வெளியிட்டதை மக்கள் தேய்த்தனர். ஆதலின் அத்தேய்வும் ஒரு சாசனமேயாம். இதனைச் சங்கத்து இளைஞர்க்கும் பெரியோர்க்கும் எடுத்துரைக்கவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

மிஷன் பள்ளிக்கூடங்களிற் கற்ற எம்மிற் பலர் இங்கிலாந்து மன்னரின் வரிசையைத் தடையின்றி ஒப்புவிப்போம். நல்லூரிலிருந்து அரசாண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் தமக்கெனச் செப்புக்காசு வெளியிட்டனர் என்பதை அறிந்தவரோ எம்முட் சிலரே. அவையே சேது நாணயங்கள். ஒருபுறம் நிற்கும் அரசனுருவம். மறுபுறம் படுத்திருக்கும் இடபம், அதன்மேற் பிறை, கீழே 'சேது' என்னுந் தமிழ்மொழி. சேது என்ற பெயரைக் கண்டு இவை இராமநாதபுரத்துச் சேதுபதிகளுடையவை என்று கருதியோரும் உளர். நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் 1920இல் இவை யாழ்ப்பாண அரசரின் மறக்கப்பட்ட காசுகளே என எழுதினார். கொட்றிங்டன் 1924இல் கொழும்பு நூதனசாலைப் பிரசுரமாக வந்த தம் நாணய நூலிலும், முதலியார் இராசநாயகம் 1926இல் வெளியிட்ட யாழ்ப்பாணச் சரித்திர நூலிலும் இவற்றை ஆராய்ந்தனர். எம் முன்னோரின் காசை எமக்கு நினைவூட்டியவர்களுள் ஒருவர் கத்தோலிக்கக் குரு என்பதை நன்றியோடு நினைவுகூர்தல் தகும்.

இக்காசுகளைப் பார்ப்பதற்குப் பழகிய கண் வேண்டும். நிற்கும் அரசனுருவம் முதலாம் இராசராசன் காலத்துச் சோழர் காசிலிருந்து வந்தது. பின்னர்ப் பொலன்னறுவை மன்னர் பலரும் அதனைப் பின்பற்றினர். ஒரு படியைப் பார்த்து மறுபடி செய்தபோது கை கோடாயிற்று, முகம் புள்ளியாயிற்று. இது முத்திரை வெட்டிய கம்மியனின் கைவண்ணம், தேய்வன்று. அடியின் வன்மை போதாமையால் உருவம் முழுதும் பதியாத காசும் உண்டு. மண்ணிற் கிடந்து களிம்பேறி அரிக்கப்பட்ட காசும் உண்டு. புழக்கத்தால் தேய்ந்ததிலோ மேடான பாகம் முதலில் மழுங்கும். ஈற்றில் விளிம்பும் எழுத்தும் ஒன்றாய்க் கலந்துவிடும். இந்நான்கையும் பிரித்தறிவதே நாணய ஆராய்ச்சியின் அரிச்சுவடி. இடபத்தின் திமிலும் 'சே' என்பதன் கொம்பும் எஞ்சியிருந்தாற் போதும், 1619இல் போர்த்துக்கேயர் கைப்பட்ட ஓரரசின் பெயரை அக்காசு இன்றும் உரைக்கும்.

இலங்கையிற் கண்டெடுக்கப்பட்ட 4ஆம், 5ஆம் நூற்றாண்டு உரோமச் சிறுகாசுகளிற் பல, சக்கரவர்த்தியின் பெயரே தெரியாத அளவுக்குத் தேய்ந்தவை. அவற்றைப் பார்த்து இந்நாட்டிலேயே செய்த போலிகளும் கிடைத்துள. வணிகம் செழித்த இடத்திற் சில்லறைக்கு முட்டுப்பாடு வருமாயின், தேய்ந்ததும் செல்லும், போலியும் செல்லும் என்பதை இவற்றால் உணரலாம்.

ஒல்லாந்தக் கம்பனியின் செப்புக்காசு இன்னும் அணித்தான சான்று. 'துட்டு' என்று நாம் நாள்தோறும் சொல்லுஞ் சொல் அக்காசின் ஒல்லாந்தப் பெயரே. கொட்டாஞ்சேனையில் 1757இல் கட்டி முடிந்த வுல்பெண்டால் தேவாலயத்தைக் கண்டவர் அக்காலத்தை எளிதிற் கற்பனை செய்வர். அத்துட்டின் ஒருபுறம் கம்பனியின் பின்னிய எழுத்துக்கள். மறுபுறம் அதனை அடித்த மாகாணத்தின் கேடயம். கேடயம் தேய்ந்தால் மாகாணம் மறையும். பின்னிய எழுத்தோ கடைசிவரை நிற்கும்.

இனி, இத்தகைய காசுகளுக்கு மேனாட்டார் தரம் வகுக்கும் முறையைக் கூறுவாம். அமெரிக்கரான ஷெல்டன் 1949இல் தம் நாட்டுப் பழைய செப்புச் சதங்களுக்கு 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் அமைத்தார். இன்ன காசு என்று அறியமட்டும் முடிந்த தேய்ந்த காசு 1. குறையற்ற புதுக்காசு 70. பின்னர் அவ்வளவுகோல் ஏனைய நாணயங்களுக்கும் பரவியது. 1986இல் பி.சி.ஜி.எஸ்., 1987இல் என்.ஜி.சி. என்னும் நிறுவனங்கள் கூலிக்குத் தரமிடத் தொடங்கின. நிபுணர்கள் காசு மெய்யோ பொய்யோ என ஆராய்ந்து, இலக்கமிட்டு, கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் திருப்பியனுப்புவர். விந்தை யாதெனில், 70ஐத் தேடுவோர் நடுவே 1ஐத் தேடித் திரிவோரும் தோன்றினர். முற்றத் தேய்ந்தும் இன்னதென அடையாளம் இழவாத காசு சில வகைகளிற் கிடைப்பதரிது. ஆதலின் 1 பெற்ற காசுக்கு அதனினும் நல்ல காசைவிடக் கூடிய விலை கொடுப்பாரும் உளர். வேண்டுமென்று உரைத்துத் தேய்த்ததை நிபுணர் ஏற்பதில்லை. துலக்கிக் கெடுத்த காசுக்கும் இலக்கம் கிடைப்பதில்லை.

இம்முறையால் எமக்கு விளையும் நன்மை சிறிதன்று. போலி விலகும், காசு விரல்படாது காக்கப்படும். எனினும் அவ்வுறையின்மேல் எழுதப்படாத ஒன்றுண்டு. அது காசு கிடைத்த இடம். எந்த ஊரில், எந்தத் தோட்டத்தில், எவற்றோடு கிடைத்தது என்ற செய்தி இல்லையேல், சேது நாணயம் வெறும் செம்புத்துண்டாய்க் குறுகும். உறையிலிட்டபின் நிறுக்கவும் இயலாது. மேலும் சட்டம் ஒன்றுளது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆந் தேதிக்கு முற்பட்ட தொல்பொருள்களைக் காப்பது. அவற்றை அனுமதிப்பத்திரமின்றி நாட்டைவிட்டு அனுப்புதல் குற்றம். சேது நாணயத்தையோ பழந்துட்டையோ தரமிடுவதற்காகத் தபாலில் அனுப்ப எண்ணும் இளைஞர் இதனை மறத்தலாகாது.

இளைஞர்களே! வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எம் வீட்டுத் தகரப் பெட்டிகளிற் பாட்டன்மார் ஊரிலிருந்து கொணர்ந்த காசுகள் கிடத்தல் கூடும். 1983 ஆடிக் கலவரத்தில் இந்நகரில் எரிந்த வீடுகளிலும் இத்தகைய பெட்டிகள் இருந்திருக்கும். எஞ்சியவற்றையேனும் காத்தல் எம் கடன். புளியிட்டுத் துலக்காதீர்கள், ஒருமுறை துலக்கினால் நூற்றாண்டுகளின் மேற்றோல் உரிந்துபோம். தட்டாரிடம் உருக்கக் கொடாதீர்கள். ஒவ்வொன்றையும் தனிக் கடிதவுறையிலிட்டு, நிறையையும் குறுக்களவையும் குறித்து, வந்த வழியையும் எழுதிவையுங்கள்.

பெரியோர்களே! அவ்வழியைச் சொல்ல வல்லவர்கள் நீங்களே. இன்ன ஊர், இன்னாருடைய வளவு, கிணறு வெட்டியபோது கிடைத்தது என்று நீங்கள் கூறும் ஒரு வாக்கியத்தை எந்த நிபுணரும் தம் உருப்பெருக்கிக் கண்ணாடியாற் கண்டறிய முடியாது. உங்கள் நினைவும் நாணயத்தைப்போல் நாளுக்குநாள் தேய்வதே. அது முற்றும் மறையுமுன் எம் பேனாவுக்கு அதனைத் தந்தருள வேண்டுகின்றோம்.