கடலாட்சியும் கடற்சீட்டும்

ஐரோப்பியர் கீழைத்தேயங்களுக்குக் கடல்வழி கண்ட வரலாறு பெரும்பாலும் மாலுமிகளின் தீரச் செயல்களாகவே கூறப்பட்டு வந்துள்ளது. ஆயின், அவர்கள் இந்து சமுத்திரத்திற் புகுத்திய புதுமை யாது என்பதே வரலாற்று மாணவர் ஆராயத்தக்க வினாவாகும்.

வாணிகம் அப்புதுமையன்று. 1498ஆம் ஆண்டு வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையை அடைந்தபோது, அங்கு அராபியர் நெடுங்காலமாக மிளகு வாணிகஞ் செய்து வந்தனர். மலாக்காவிலோ குஜராத்தியரும் சீனரும் சாவகரும் சோழமண்டலக் கரைத் தமிழ் வணிகரும் கூடினர். கடலறிவும் அப்புதுமையன்று. மாலிந்தியிற் பெற்ற வழிகாட்டியின் துணையாற் காமா அரபிக் கடலை 23 நாளிற் கடந்தான். பருவக்காற்றை மதியாது புறப்பட்டுத் திரும்பியபோது, அதே கடலைக் கடக்க ஏறக்குறைய மூன்று மாதங்கள் சென்றன. நோயினால் மாலுமிகள் பலர் மாண்டனர்.

புதுமை யாதெனின், பீரங்கி தாங்கிய கப்பலின் துணைகொண்டு கடலையே உடைமையாக்க முயன்றமையாகும். ஏறக்குறைய பத்து லட்சம் மக்களையே கொண்ட போர்த்துக்கல், பெருநிலப்பரப்பை ஆளும் வலியற்றது. எனவே அல்புகேர்க் கடல்வாயில்களை நாடினான். கோவா 1510இலும், மலாக்கா 1511இலும், ஓர்மூஸ் 1515இலும் அவன் வசமாயின. ஆசிய வணிகர் 'கர்த்தாஸ்' என்னும் கடற்சீட்டைப் பெற்றே கலஞ் செலுத்தவேண்டும் என்றும், போர்த்துக்கீசத் துறைகளிற் சுங்கம் இறுக்கவேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. சீட்டற்ற கலங்கள் பறிமுதலாயின. முன்னர் யாவர்க்கும் பொதுவாயிருந்த நெடுங்கடலிற் செல்வதற்கு அனுமதி தேவையாயிற்று.

எனினும் இவ்வேலி முழுமை பெறவில்லை. 1513இல் ஏடன் துறைமுகத்தைக் கைப்பற்றும் முயற்சி தோல்வியுற்றது. செங்கடல் வாயில் திறந்தே கிடந்தமையால், அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் மிளகு மீண்டும் அவ்வழியே எகிப்துக்குப் பெருமளவிற் சென்றது.

பின்வந்த ஒல்லாந்தர், கடல் எவர்க்கும் உடைமையன்று என வாதித்தனர். கிரோஷியஸ் என்னும் சட்ட அறிஞர் 1609இல் வெளியிட்ட நூல் அக்கொள்கையையே நிறுவ முயன்றது. ஆயின், 1621இல் அவர்தம் கிழக்கிந்தியக் கம்பனி, சாதிக்காய் வாணிகத்தைத் தனதாக்கும் பொருட்டுப் பண்டாத் தீவு மக்களுட் பெரும்பாலோரைக் கொன்றும் நாடுகடத்தியும் அத்தீவுகளை வெறுமையாக்கியது. கடற்சீட்டு முறையையும் தானே கையாண்டது. ஈழத்திலும் இஃதே நிகழ்ந்தது. போர்த்துக்கீசரை அகற்ற இரண்டாம் இராஜசிங்கன் 1638இல் ஒல்லாந்தருடன் உடன்படிக்கை செய்தான். 1656இற் கொழும்பு வீழ்ந்தபோது ஒல்லாந்தர் அதனைத் தமதாக்கிக்கொண்டனர். 1619இற் போர்த்துக்கீசர் கைப்பட்ட யாழ்ப்பாணமும் 1658இல் அவர்களிடமே சென்றது.

கடல் பொது என்பது வலிமை குன்றியிருந்த காலத்து வாதமாகவும், கடல் எமது என்பது வலிமை பெற்ற காலத்துச் சட்டமாகவும் விளங்கியமை இவற்றாற் புலனாகும். ஆகவே, பேரரசுகளை அவை கூறிய கொள்கைகளைக் கொண்டன்றி, அவை வழங்கிய சீட்டுகளையும் எழுப்பிய கோட்டைகளையும் கொண்டே மதிப்பிடுதல் முறையாகும்.